கண்ணிழந்தவர் கண்ட நிலப்படம்

முன்பின் அறியாத ஓர் ஊருக்குச் செல்கிறோம், வழி தெரியவில்லை. எதிரில் வந்த பெரியவர் ஒருவரைக் கேட்கிறோம். அவர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு கிழித்துக் காட்டுகிறார். இது ஏரி, ஏரியை அடுத்துத் தோப்பு, தோப்பை ஒட்டிச் சாலை, சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் கோயில். அவர் கிழித்த ஏரி உண்மையான ஏரியின் வடிவில் இல்லை. தொலைவுகளும் சரியில்லை. ஆயினும் நாம் வழி தவறாமல் போய்ச் சேருகிறோம். காரணம் என்ன? எதை அடுத்து எது, எதற்குள் எது, எது எதைத் தொடுகிறது என்னும் உறவுகள் அந்தப் படத்தில் பிழையின்றி அமைந்திருந்தன. நீளமும் பரப்பும் மாறினாலும் இந்த உறவுகள் மாறுவதில்லை.

இத்தகைய உறவுகளை ஆராயும் கணிதப் பிரிவுக்கு இடவியல் என்று பெயர். டோபாலஜி என்று நம் வகுப்பறையில் வழங்குவது இதுவே. இன்று கணினியில் நாம் காணும் நிலப்படங்கள் பகுதிகளின் உறவை இதனைக் கொண்டே அறிகின்றன. இத்துறைக்கு முதற்கல் நாட்டியவர் பதினெட்டாம் நூற்றாண்டின் பெருங்கணித மேதை லியோனார்டு ஆய்லர். நிலப்படப் பணியால் ஒரு கண்ணை இழந்ததாக அவரே கருதினார். பின்னர் மற்றொரு கண்ணும் ஒளி இழந்தது. அப்படியும் அவர் கணிதத்தை விடவில்லை. அப்பெரியாரின் வாழ்வையும், நிலப்பகுதிகளின் உறவைப் பற்றி அவர் விட்டுச் சென்ற செல்வத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

இளமையும் கல்வியும்

சுவிட்சர்லாந்தின் எல்லையில், பிரான்சும் ஜெர்மனியும் வந்து தொடும் இடத்தில் அமைந்த நகரம் பாசல். அந்நகரில் 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஆய்லர் பிறந்தார். தந்தை பால் ஆய்லர் ஒரு பாதிரியார். மகனும் தம்மைப் போலவே இறைப்பணி ஆற்ற வேண்டும் என்பது அவர் விருப்பம்.

ஆய்லர் 13 வயதிலேயே பாசல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கணிதப் பேராசிரியராக விளங்கியவர் யோகான் பெர்னூலி. தமக்குத் தனியே பாடம் கற்பிக்க வேண்டும் என்று சிறுவன் ஆய்லர் அவரை அணுகியபோது, நேரமில்லை என்று அவர் மறுத்துவிட்டார். ஆனால் ஒரு வழி சொன்னார். கடினமான நூல்களைத் தாமாகவே படித்து வரவேண்டும். விளங்காத இடங்களைக் குறித்துக்கொண்டு சனிக்கிழமை பிற்பகலில் வந்து கேட்கலாம். ஆய்லர் வாரம் முழுதும் முயன்று படித்தார். கேட்க வேண்டிய ஐயங்கள் மிகச் சிலவாக இருக்க வேண்டுமே என்று பாடுபட்டார். ஓர் ஐயம் தீர்ந்தால் அதனோடு பத்து ஐயங்கள் தாமாகவே தீர்ந்தன என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

மாணவனின் ஆற்றலைக் கண்ட பெர்னூலி, இவன் கணிதத்துக்கென்றே பிறந்தவன் என்று தந்தையிடம் எடுத்துச் சொன்னார். தந்தையும் இசைந்தார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த என்னைப் போன்றோருக்கு இந்தச் செய்தி நெஞ்சைத் தொடுகிறது. மகன் என்ன படிக்கிறான், அதனால் என்ன பயன் என்று அறியாத தந்தையிடம், ஆசிரியர் ஒருவர் சொல்லும் ஒரு சொல் ஒரு வாழ்வையே திருப்பிவிடுகிறது அல்லவா?

பீட்டர்ஸ்பர்க்கும் நிலப்படப் பணியும்

பாசலில் ஆய்லருக்குப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. எனவே 1727-இல் ரஷ்யத் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குச் சென்று, அங்கிருந்த அறிவியல் அகாதமியில் சேர்ந்தார். 1733-இல் கணிதப் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு காத்தரீனா என்னும் பெண்ணை மணந்தார். பதின்மூன்று குழந்தைகள் பிறந்தும் ஐவரே பிழைத்தனர்.

அக்காலத்தில் ரஷ்ய அரசு தன் பரந்த நாட்டுக்கு முழுமையான நிலப்படம் வேண்டும் என்று விரும்பியது. அப்பணி அகாதமியிடம் வந்தது. பிரெஞ்சு வானியலறிஞர் தெலிலுடன் ஆய்லரும் இதில் ஈடுபட்டார். எல்லைப் பகுதிகளிலிருந்து வந்த அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப் போவதில்லை. ஒரு படத்தில் ஆறு ஓரிடத்தில் முடிய, அடுத்த படத்தில் அதே ஆறு வேறோரிடத்தில் தொடங்கும். இவற்றையெல்லாம் ஒப்பிட்டுத் திருத்துவது கண்ணைக் கெடுக்கும் வேலை. 1738-இல் ஆய்லரின் வலக்கண் பார்வை போயிற்று. அதற்கு முன்பே கடுங்காய்ச்சலுக்கு ஆளானவர் அவர். அதுவே காரணம் என்பாரும் உளர். ஆயினும் நிலப்படப் பணியே தம் கண்ணைப் பறித்தது என்று 1740-இல் தம் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய மடலில் ஆய்லர் வருந்தினார். 19 பகுதிப் படங்களும் ஒரு பொதுப் படமும் கொண்ட அந்த ரஷ்ய நிலப்பட நூல் 1745-இல் வெளிவந்தது. அப்போது அவர் ரஷ்யாவை விட்டே சென்றுவிட்டார்.

நம்மவர்க்கு இனிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. கண் போன அதே 1738-இல், பீட்டர்ஸ்பர்க் அறிஞர் பேயர் வெளியிட்ட நூலொன்றில் இந்தியரின் சூரிய ஆண்டுக் கணக்கைப் பற்றி ஆய்லர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். நம் தரங்கம்பாடியில் பணியாற்றிய வால்தர் என்னும் பாதிரியார் இந்தியரின் காலக் கணக்கைப் பற்றி எழுதியதும் அதே நூலில்தான் இடம்பெற்றது.

ஏழு பாலங்கள்

நிலப்படத்தோடு போராடிய அதே ஆண்டுகளில்தான் அளவே தேவையில்லாத ஒரு நிலப்படக் கணக்கு ஆய்லரிடம் வந்தது. பிரஷ்யாவில் கோனிக்ஸ்பர்க் என்றொரு நகரம். பிரெகல் ஆறு அந்நகரைக் கூறு போட்டு ஓடியது. நடுவே ஒரு தீவு. வடகரை, தென்கரை, கிழக்கே ஆற்றின் இரு கிளைகளுக்கு இடைப்பட்ட நிலம் என மொத்தம் நான்கு நிலப்பகுதிகள். அவற்றை ஏழு பாலங்கள் இணைத்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒருமுறை கடந்து ஏழையும் நடந்து முடிக்க இயலுமா? மக்கள் முயன்று பார்த்தனர், முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று எவராலும் சொல்ல இயலவில்லை.

இதில் கணிதத்துக்கு வேலையே இல்லை, பொது அறிவு போதும் என்றுதான் ஆய்லரும் முதலில் எண்ணினார். டான்சிக் நகரத் தலைவருக்கு எழுதிய மடலில் அவ்வாறே குறிப்பிட்டார். ஆனால், அளவோ கணக்கீடோ ஏதுமின்றி இருப்பிட உறவை மட்டும் கொண்ட ஒரு புதிய வடிவியல் இதில் ஒளிந்திருக்கிறது என்பதை உணர்ந்ததும் அவர் இதனை விடவில்லை.

அவர் செய்தது எளிய செயல். பாலத்தின் நீளம், ஆற்றின் அகலம், கரையின் வளைவு ஆகிய யாவற்றையும் தள்ளினார். நான்கு நிலப்பகுதிகளுக்கும் நான்கு எழுத்துகளைப் பெயராக இட்டார். நடைப்பயணத்தை, கால் வைக்கும் நிலப்பகுதிகளின் எழுத்துகளை வரிசையாக எழுதிய ஒரு சொல்லாகக் கொண்டார். ஏழு பாலம் கடந்தால் எட்டு எழுத்து வரவேண்டும். தீவுக்கு ஐந்து பாலங்கள். ஆகவே அதன் எழுத்து மூன்று முறை வந்தாக வேண்டும். மற்ற மூன்று பகுதிகளுக்கும் மும்மூன்று பாலங்கள். அவற்றின் எழுத்துகள் இவ்விரண்டு முறை வரவேண்டும். கூட்டினால் 3 + 2 + 2 + 2 = 9. எட்டு எழுத்துச் சொல்லில் ஒன்பது எழுத்துகளை எவ்வாறு அடக்குவது? ஆகவே அப்படியொரு நடை இல்லவே இல்லை! 1735-இல் அகாதமியில் அவர் அளித்த இந்த விடை, 1736-ஆம் ஆண்டுக்குரிய தொகுதியில் சேர்ந்து 1741-இல் அச்சேறியது. இடவியலின் பிறப்பு இதுவே என்று கணித வரலாற்றார் போற்றுவர்.

பெர்லினில் இருபத்தைந்து ஆண்டுகள்

1741-இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக்கின் அழைப்பை ஏற்று ஆய்லர் பெர்லின் சென்றார். இருபத்தைந்து ஆண்டுகள் அங்கே உழைத்தார். ஆயினும் நாவன்மை மிக்கவரையே விரும்பிய மன்னருக்கு, எளிய உடையும் அடக்கமான பேச்சும் உடைய இக்கணித அறிஞரைப் பிடிக்கவில்லை. அவரது ஒற்றைக் கண்ணையும் மன்னர் எள்ளி நகையாடினார். ஆய்லர் தம் வேலையைப் பார்த்தார். அங்கே பிறந்தவற்றுள் இரண்டு, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு உயிர் போன்றவை.

முதலாவது, 1750-இல் கோல்ட்பாக்குக்கு எழுதிய மடலில் அவர் தெரிவித்த சூத்திரம். ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம். முனைகள் 8, விளிம்புகள் 12, முகங்கள் 6. முனைகளிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் 8 − 12 + 6 = 2. சதுர அடிப்பகுதியுடைய கூம்பகத்தில் 5 − 8 + 5 = 2. உட்குழிவும் துளையும் இல்லாத எந்தப் பன்முகத் திண்மத்திலும் விடை இரண்டுதான்! ஆய்லர் தந்த நிறுவலில் குறை இருந்தது. 1794-இல் லெஜாந்தர் குறையற்ற நிறுவல் ஒன்றைத் தந்தார். பின்னர் கோஷி, திண்மத்தின் ஒரு முகத்தை அகற்றி மற்றவற்றைத் தட்டையாக விரித்துக் காட்டினார். விரித்ததும் என்ன தெரிகிறது? அது ஒரு நிலப்படமே! முனைகள் எல்லைகள் கூடும் சந்திகளாகவும், விளிம்புகள் எல்லைக் கோடுகளாகவும், முகங்கள் நாடுகளாகவும் ஆகிவிடுகின்றன. அகற்றிய முகம் படத்துக்கு வெளியே உள்ள பரப்பு.

இரண்டாவது, மன்னரின் உறவினரான இளவரசி ஒருவருக்கு 1760 முதல் 1762 வரை அவர் எழுதிய மடல்கள். மொத்தம் 234. ஒலி, ஒளி, வானியல், தருக்கம் எனப் பலவற்றையும் எளிய நடையில் விளக்கிய அம்மடல்கள் பின்னர் மூன்று தொகுதிகளாக வெளிவந்து ஐரோப்பா எங்கும் புகழ் பெற்றன. தருக்கத்தை விளக்க ஆய்லர் வட்டங்களைப் பயன்படுத்தினார். பறவைகள் யாவும் உயிரினங்கள் என்றால், ஒரு வட்டம் மற்றொன்றுக்குள் அடங்கும். சில பறவைகள் நீந்தும் என்றால், இரு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும். எந்தப் பறவையும் மீனன்று என்றால், இரு வட்டங்களும் விலகி நிற்கும். அவருக்கு முன்பும் சிலர் வட்டங்களை வரைந்ததுண்டு; ஆயினும் உலகம் அவர் பெயராலேயே அவற்றை அறிந்தது. அடங்குதல், படிதல், விலகுதல் ஆகிய இவை கருத்துகளுக்கு மட்டுமா? இரு நிலப்பகுதிகளுக்கு இடையேயுள்ள உறவுகளும் இவையே அல்லவா?

இருளில் உழைத்த ஆண்டுகள்

1766-இல் பேரரசி இரண்டாம் காதரீனின் அழைப்பின்பேரில் ஆய்லர் மீண்டும் பீட்டர்ஸ்பர்க் வந்தார். விரைவிலேயே இடக்கண்ணில் புரை படர்ந்தது. 1771-இல் நடந்த அறுவையால் சில நாள் பார்வை திரும்பியது; பின்னர் சீழ் பிடித்து முற்றும் இருண்டது. அதே ஆண்டு நகரில் பெருந்தீ மூண்டது. ஆய்லரின் வீடும் எரிந்தது. கண் தெரியாமல் உள்ளே சிக்கியிருந்த அவரை, பாசல் ஊரைச் சேர்ந்த பீட்டர் கிரிம் என்பவர் தோளில் சுமந்து காப்பாற்றினார். இரண்டாண்டுகளில் மனைவியும் மறைந்தார்.

வேறொருவராயின் ஓய்ந்திருப்பார். ஆய்லரோ முன்னினும் மிகுதியாக உழைத்தார்! ஒரு மேசையின்மேல் பெரிய கற்பலகையை வைத்து, அதில் பெரிய எழுத்துகளில் தடவித் தடவி எழுதுவார். மகனும் இளம் உதவியாளர்களும் அவர் சொல்லச் சொல்ல எழுதினர். நீண்ட கணக்குகளை மனத்திலேயே முடித்தார். அவருடைய எழுத்துகளில் ஏறத்தாழப் பாதி, ரஷ்யாவுக்குத் திரும்பிய பின்னரே உருவானவை. உருண்டைப் பரப்பின் எந்தப் பகுதியையும் எல்லா அளவும் மாறாமல் தட்டைத் தாளில் வரைய இயலாது என்று 1770-களில் அவர் நிறுவினார். கண்ணைக் காவு கொண்ட நிலப்படக் கலையின்மேல் அவருக்குப் பகை இல்லை போலும்! அளவு எங்கேயாவது பிழைத்தே தீரும் என்று காட்டியவரும் அவரே; அளவு பிழைத்தாலும் பிழையாத உறவுகளைக் காட்டியவரும் அவரே.

1783-ஆம் ஆண்டு செப்டம்பர் 18. அன்றும் அவர், அப்போது புதுமையாயிருந்த புகைக்கூண்டுப் பறப்பைப் பற்றிக் கணக்கிட்டார். புதிதாகக் கண்டறியப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பாதையைப் பற்றி உரையாடினார். மாலையில் மூளையில் குருதி கசிந்து உயிர் பிரிந்தது. வயது 76. அவர் எழுதியவை 850-க்கும் மேற்பட்டவை.

கணினியின் நிலப்படத்தில் ஆய்லர்

கணினிக்குக் கண் இல்லை. படத்தைப் பார்த்தவுடன் இது அதை அடுத்தது என்று நாம் சொல்லிவிடுகிறோம். கணினிக்கோ எண்கள் மட்டுமே தெரியும். நிலத்தை எண்ணாக்க இரு முறைகள் உண்டு. ஒன்று வெக்டர் எனப்படும் கோட்டு முறை. மற்றொன்று ராஸ்டர் எனப்படும் கட்ட முறை.

கோட்டு முறையில் நிலப்பகுதி ஒவ்வொன்றும் எல்லைக் கோடுகளால் குறிக்கப்படும். 1967-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையினர் நியூ ஹேவன் நகரில் ஒரு முறையை வகுத்தனர். ஒவ்வொரு தெருத் துண்டுக்கும் நான்கு செய்திகள்: தொடங்கும் சந்தி, முடியும் சந்தி, இடப்புறப் பகுதி, வலப்புறப் பகுதி. இவ்வளவே! ஒரே துண்டின் இருபுறமும் உள்ளவை அண்டைப் பகுதிகள் என்று கணினி உடனே அறிந்துகொள்கிறது. ஒரு பகுதியைச் சுற்றியுள்ள துண்டுகள் தொடங்கிய இடத்தில் வந்து மூடவில்லையானால், எங்கோ பிழை என்றும் அறிகிறது. பிளவின்றி இணைந்த படமாயின், சந்திகளையும் கோடுகளையும், வெளிப்பரப்பையும் சேர்த்துப் பகுதிகளையும் எண்ணினால் ஆய்லரின் இரண்டு வந்தாக வேண்டும்.

1991-இல் ஈகன்ஹோஃபர், ஃபிரான்சோசா என்னும் இரு அறிஞர்கள் இன்னும் ஒரு படி சென்றனர். ஒவ்வொரு பகுதிக்கும் அகம், எல்லை என இரண்டு கூறுகள். இரு பகுதிகளை எடுத்து நான்கு கேள்விகள் கேட்கலாம். அகமும் அகமும் சந்திக்கின்றனவா? எல்லையும் எல்லையும்? முதலதன் அகமும் அடுத்ததன் எல்லையும்? முதலதன் எல்லையும் அடுத்ததன் அகமும்? துளையற்ற பகுதிகளுக்கு இதற்கு எட்டே விடைகள்தாம் அமையும்: விலகி நிற்றல், எல்லை மட்டும் தொடுதல், ஒன்றன்மேல் ஒன்று படிதல், முற்றும் ஒன்றாதல், உள்ளே அடங்குதல், உள்ளே அடங்கி எல்லையையும் தொடுதல், பின்னிரண்டின் மறுதலைகள் இரண்டு. சுவிட்சர்லாந்தின் நடுவேயுள்ள லூசர்ன் மாநிலம் நாட்டுக்குள் அடங்கியது. ஆய்லர் பிறந்த பாசலோ அடங்கியும் நாட்டெல்லையைத் தொடுகிறது. வட்டங்களால் இளவரசிக்கு விளக்கிய பாடம் இங்கே விரிந்து நிற்பதைக் காண்கிறோம்.

கட்ட முறையில் நிலம் சிறு சிறு சதுரக் கட்டங்களாகப் பகுக்கப்படுகிறது. செயற்கைக்கோள் படங்கள் இவ்வாறே அமைகின்றன. இங்கே எல்லை என்பது அகலமற்ற கோடு அன்று; அதுவும் கட்டங்களின் வரிசையே. கோட்டில் இரு புள்ளிகளுக்கு இடையே எப்போதும் மற்றொரு புள்ளியை வைக்கலாம்; அடுத்தடுத்த இரு கட்டங்களுக்கு நடுவே எதையும் நுழைக்க முடியாது. ஆகவே கோட்டு முறையில் காணும் உறவுகள் யாவும் கட்ட முறையிலும் உண்டு. அங்கே இல்லாத வேறு சிலவும் இங்கே உண்டு என்று 1993-இல் ஈகன்ஹோஃபரும் சர்மாவும் காட்டினர்.

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஓர் ஆறு கட்டங்களின் மூலைவாக்கில் ஓடுகிறது என்று கொள்வோம். ஒவ்வோர் ஆற்றுக் கட்டமும் அடுத்ததை மூலையில் மட்டுமே தொடுகிறது. மூலைத் தொடர்பும் தொடர்பே என்றால் ஆறு அறுபடாமல் ஓடும். ஆனால் அதே விதியை நிலத்துக்கும் தந்தால், இக்கரை நிலம் அக்கரை நிலத்தை மூலையில் தொட்டுவிடும். கோனிக்ஸ்பர்க் மக்கள் பாலமே இன்றி ஆற்றைக் கடந்துவிடலாம்! மூலைத் தொடர்பு தொடர்பன்று என்று இரண்டுக்கும் விதித்தாலோ, ஆறும் அறுபடும், கரைகளும் சேரா. ஆகவே ஒன்றுக்கு எட்டுத் திசை அண்டை, மற்றதற்கு நான்கு திசை அண்டை என்று வகுக்க வேண்டும் என்பது ரோசன்ஃபெல்டு முதலியோர் கண்ட தீர்வு.

இங்கும் ஆய்லரின் சூத்திரம் துணைக்கு வருகிறது. கணக்கு நோட்டில் மூன்றுக்கு மூன்று என ஒன்பது கட்டங்களை வரைந்து நடுக்கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எட்டையும் நிரப்புங்கள். நடுவே ஏரி, சுற்றிலும் நிலம். நிலக் கட்டங்களின் முனைகள் 16, பக்கங்கள் 24, கட்டங்கள் 8. 16 − 24 + 8 = 0. நடுக்கட்டத்தையும் நிரப்பினால் 16 − 24 + 9 = 1. கிடைக்கும் எண், தனித்தனி நிலத்துண்டுகளின் எண்ணிக்கையிலிருந்து துளைகளின் எண்ணிக்கையைக் கழித்தது. மூலைத் தொடர்பையும் தொடர்பாகக் கொண்டே இக்கணக்கு அமைகிறது. ஏரியைக் கண்ணால் காணாமலே, ஏரி உண்டு என்று கணினி கூறிவிடுகிறது!

முடிவுரை

கோனிக்ஸ்பர்க் இன்று கலினின்கிராட் என்னும் பெயரில் ரஷ்யாவுக்கு உரியது. லித்துவேனியாவும் போலந்தும் இடையே நிற்க, மற்ற ரஷ்ய நிலத்தினின்றும் பிரிந்து கிடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நகரம் அழிந்தது. ஏழு பாலங்களும் பழையபடி இல்லை. ஆனால் நான்கு எழுத்துகளைக் கொண்டு ஆய்லர் எழுதிய விடை அழியவில்லை.

நண்பர்களே! அவருக்கு வாய்த்த அறிவு நம் எல்லோர்க்கும் வாய்த்துவிடாது. ஆனால் சனிக்கிழமை பிற்பகல் வாரந்தோறும் நமக்கும் வருகிறது. விளங்காத இடத்தைக் குறித்துக்கொண்டு போய்க் கேட்க நம் கல்லூரியிலும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலம் தடுக்கிறது, புத்தகம் கிடைக்கவில்லை, வீட்டில் சொல்லித்தர எவரும் இல்லை என்று நாம் சொல்லும் தடைகள் பொய்யல்ல. நானும் அவற்றை அறிந்தவனே. ஆயினும் இரு கண்ணும் இருண்டபின் கற்பலகையைத் தடவிக்கொண்டு அமர்ந்திருந்த அம்முதியவரை நினைக்கும்போது, மூடி வைத்த புத்தகத்தை மீண்டும் எடுக்கத் தோன்றுகிறது. எடுப்போம், படிப்போம், ஐயம் எழுந்தால் தயங்காது சென்று கேட்போம்!